முதுகு வழியே மூளைக்கு

போன வாரம் எங்கள் எதிர் வரிசையில் குடியிருக்கும் பொன்னுசாமி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்க்கிறவர். அவர் நடந்து வந்தார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையையே எழுத உட்கார்ந்தேன். மற்றதெல்லாம் அதற்கு விளக்கம்.

அவரைக் கொண்டுபோன அன்று நானும் தெருவில் நின்றேன். காய்ச்சல் கொதித்தது. கழுத்து விறைத்து, தலை பின்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் முனகினார். மூளைச்சவ்வுக் காய்ச்சல் என்று தெரிந்துகொள்ள எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனதுக்குள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, அவர் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பயந்து உள்ளே வந்துவிட்டேன்.

அதே மனிதர் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்கிறார். பின்னாலேயே அவர் மனைவி ராஜம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, நீங்க பழைய ஆஸ்பத்திரி டிரஸ்ஸர், உங்களுக்குத் தெரியும். இவருக்கு முதுகுல ஊசியே போடல. வெறும் மாத்திரைய முழுங்கச் சொன்னாங்க. சரியாத்தான் பாத்தாங்களா? எனக்குச் சந்தேகமா இருக்குலா."

எனக்கு வந்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. சிரிப்புக்குப் பின்னால் அழுகை நின்றது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

புதிதாக வந்திருக்கும் சல்பா மாத்திரையைப் பற்றி வார்டில் வேலை பார்க்கும் பையன்கள் முன்பே என்னிடம் சொல்லியிருந்தார்கள். வாயில் போட்டால் அது ரத்தத்தில் கலந்து, தானாகவே மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் போய்விடுகிறதாம். "மாத்திரை வர்றதுக்கு முந்தி எப்படி ஐயா சமாளிச்சீங்க?" என்று ஒருவன் கேட்டான். நாங்கள் எங்கே சமாளித்தோம்? பிடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிடியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் அப்பா தண்டவாளம் போடும் கூட்டத்தில் இந்த நாட்டுக்கு வந்தவர். நான் ரயில்வே குடியிருப்பில் பிறந்து, பாதிரிமார் பள்ளியில் பாதி ஆங்கிலம் படித்து, ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவும் வேலைக்குச் சேர்ந்தேன். புண் கட்டவும், மலேரியாவுக்குக் கொயினா கலக்கவும், அதைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துத் துப்பப் பார்க்கும் ஆளை வாயைத் திறக்கச் சொல்லிப் பிடிக்கவும் கற்றேன். டிரஸ்ஸர் பரீட்சையில் தேறியதை அம்மா பங்குச் சாமியாரிடம் சொல்ல, அவர் பூசையில் சொல்ல, அதற்குப் பிறகு பிரிக்பீல்ட்ஸில் யாருக்குச் சிரங்கு வந்தாலும் எங்கள் வாசலுக்குத்தான் வந்தார்கள். நல்லவேளையாக என்னைக் கிள்ளான் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கேதான் தம்பையா டாக்டரிடம் மாட்டினேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். குள்ளம். வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. சாதாரண நாட்களில் எங்களை 'நீர்' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். 'நீங்கள்' என்று ஆரம்பித்தாரென்றால் வார்டில் ஈ பறக்காது. ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியின் பெயரைக் கேட்பார். நினைவில்லாத ஆளாக இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் தொடுவார். "கேளாதவனை ஏன் கூப்பிடுறியள் எண்டு நினைக்கிறீர். கேக்கிறானோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்?" என்பார்.

நான் சேர்ந்த புதிதில் பண்டமாரானிலிருந்து காமாலைக்காரர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கண் மஞ்சள், நகம் மஞ்சள், வேர்வை பட்ட பனியன் மஞ்சள். காய்ச்சலில் பிதற்றியதால் மூளைச்சவ்வில் நோய் இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் முதுகெலும்பு இடுக்கில் ஊசி விட்டு, அங்கிருக்கும் நீரைக் கொஞ்சம் கண்ணாடிக் குழாயில் எடுத்தார். அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"பாரும், அந்தோணி. ஆள் முழுக்க மஞ்சள். இது மட்டும் ஏன் தெளிஞ்ச தண்ணியா இருக்குது?"

நான் குழாயைப் பார்த்தேன். அதன் வழியாக ஜன்னல் கம்பியை எண்ணலாம் போலிருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "குழாய நல்லாக் கழுவியிருக்கேன் சார், அதனாலயா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ரத்தத்திலை இருக்கிறது எல்லாம் மூளைக்குப் போகாது. வாசல்லை ஒரு ஜாகா நிக்கிறான். நித்திரை கொள்ளாத ஜாகா."

நம் ஊரில் ஜாகா தெரியாதவர் இல்லை. பாங்கு, கிட்டங்கி எங்கே பார்த்தாலும் தாடியும் தடியுமாகக் கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர். ஆனால் விழித்திருக்கும் ஜாகாவை நான் பார்த்ததில்லை. அதனால் டாக்டர் சொன்னது எனக்கு நன்றாகப் பதிந்தது.

"மஞ்சளை உள்ளுக்கு விடமாட்டான், அது நல்லது. ஆனா நாங்கள் குடுக்கிற மருந்தையும் விடமாட்டான். அதுதான் கரைச்சல்."

"அப்ப என்ன சார் பண்றது?"

"முன்வாசலாலை விடாட்டில் பின்வாசலாலை போறதுதான்" என்று சொல்லி, என் முதுகின் நடுவில் விரலால் ஒரு தட்டுத் தட்டினார். எனக்குக் கூசியது.

அந்தப் பின்வாசல் வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். மூளைச்சவ்வுக் காய்ச்சலுக்கு அப்போது இருந்த ஒரே மருந்து சீரம். நோய்க்கிருமியைக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்பைத் தெளிவாக இறுத்து எடுப்பது. எங்களுக்கு அது கோலாலம்பூரிலிருந்து ரயிலில், மரத்தூளும் ஐஸும் போட்ட பெட்டியில் வரும். கையில் ஏற்றினால் உடம்பெல்லாம் சுற்றும், ஆனால் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. முதுகில்தான் விட வேண்டும்.

நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்கால் வயிற்றில் முட்ட, தாடை நெஞ்சில் முட்டச் சுருட்ட வேண்டும். அப்படிச் சுருட்டினால்தான் எலும்புக்கு எலும்பு இடைவெளி விரியும். ஆனால் இந்த நோயே ஆளைப் பின்பக்கமாக வில்லாக வளைக்கும் நோய். நோய் ஒரு பக்கம் இழுக்க, நாங்கள் மறுபக்கம் மடக்குவோம். ஒருவன் தலையையும் கழுத்தையும் பிடிப்பான், ஒருவன் காலையும் இடுப்பையும். நடுவில் ஆள் துள்ளினால் ஊசி உள்ளேயே முறியும். நினைவு தப்பிய ஆளுக்கு எங்கிருந்துதான் அந்தப் பலம் வருமோ, என் தோள்பட்டை வீங்கிய நாட்கள் உண்டு. அவர்கள் கத்தும் கத்தலை வீட்டுக்கு வந்தும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

டாக்டர் இடுப்பெலும்பு மேட்டிலிருந்து நூல் பிடித்தாற்போல் விரலை ஓட்டி, இடத்தைக் கண்டுபிடித்து ஊசியை விடுவார். நீர் சொட்டும். உறிஞ்சி எடுக்க மாட்டார். தானாகச் சொட்டட்டும் என்று காத்திருப்பார். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்த சீரத்தைச் சின்னப் புனலில் ஊற்றி, ரப்பர் குழாய் வழியாக இறங்க விடுவார். எடுத்த அளவுக்கு மேல் விடக் கூடாது. அவசரப்படவும் கூடாது. "வழி விடுறதுதான் எங்கடை வேலை. தள்ளுறது இல்லை" என்பார். பிறகு கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துவோம். மருந்து தலைப்பக்கம் ஓடட்டும் என்று.

இத்தனையும் ஒரு தடவைக்கு. மறுநாளும் செய்ய வேண்டும். அதற்கு மறுநாளும்.

இனி மாரிமுத்து விஷயத்துக்கு வருகிறேன். மேரு பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரப்பர் மரம் சீவும் இளைஞன். துரை அனுப்பிய லோரியில் அவனைக் கொண்டுவந்து இறக்கியபோது உடம்பு வில்லாக வளைந்து கிடந்தது. நெஞ்சிலும் வயிற்றிலும் ஊதாப் புள்ளிகள். கூடவே, கை நிறைய வேப்பிலையோடு அவன் அக்கா வீராயி இறங்கினாள். அப்பா அம்மா இருவரும் வந்த புதிதிலேயே மலேரியாவில் போய்விட, தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவள். இவனைத் தவிர அவளுக்கு இந்த நாட்டில் யாரும் இல்லை.

"யாரும் கிட்ட வராதீங்க. ஆத்தா எறங்கியிருக்கா" என்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. மூளைச்சவ்வுக் காய்ச்சலில் சிலருக்குப் புள்ளி எழும்பும். அவள் அதை அம்மை என்று எடுத்துக்கொண்டாள். அம்மை கண்ட உடம்பில் மருந்து ஏற்றக் கூடாது, இரும்பு படக் கூடாது. மாரியம்மன் குடியிருக்கும் உடம்பை ஊசியால் குத்த எந்த அக்காதான் சம்மதிப்பாள்? தோட்டத்து லயத்து வீட்டில் இருந்திருந்தால் வாசலில் வேப்பிலை கட்டி எங்களை அண்டவே விட்டிருக்க மாட்டாள். லோரி வந்ததால் வேறு வழியில்லாமல் ஏறியிருக்கிறாள்.

"அக்கா, இது அம்மை இல்ல. கழுத்து விறைப்புக் காய்ச்சல். முதுகுல மருந்து விடணும்" என்றேன்.

"நீ வேதக்காரன். கழுத்துல சிலுவ மணி தொங்குது. ஆத்தா கோவம் உனக்கு என்ன தெரியும்? பாரு, அவன் முதுகுத்தண்டுல ஏறி நின்னு எப்படி வளைச்சிருக்கான்னு. அவ நிக்கிற எடத்துலயே குத்துறேங்கிற."

தம்பையா டாக்டர் நினைத்திருந்தால் அவளை வெளியே தள்ளிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். செய்யவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. கொஞ்ச நாள் முன்னால் வேறொரு வார்டில் வேறு தோட்டத்து ஆள் ஒருவரைப் பலவந்தமாகப் பிடித்து ஊசி போடப்போய், உறவுக்காரர்கள் அவரைப் பின்வேலி வழியாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்து லயங்களில் காய்ச்சல்காரர்களைப் பாய்க்கடியில் ஒளித்து வைத்தார்கள். மாரிமுத்துவின் லயத்திலும் அடுத்தடுத்த அறைகளில் குழந்தை குட்டிகள் இருந்தன. இவளைப் பகைத்துக்கொண்டால் அவர்கள் யாரும் வர மாட்டார்கள்.

கடைசியில் வீராயி இறங்கி வந்தாள். "கையில வேணும்னா போடு. முதுகு வேணாம்."

டாக்டர் என்னைப் பார்த்து, "அந்தோணி, நீங்கள் கைக்கு ஆயத்தம் செய்யுங்கோ" என்றார். நீங்கள்! கோபம் என் மேல் இல்லை, அந்த ஜாகாவின் மேல். ரயிலேறி வந்த அருமையான சீரத்தைக் கை நரம்பில் ஏற்றினோம். ரத்தத்தில் இருக்கும் கிருமியையாவது அது பார்க்கும், ஆனால் மூளைக்குப் போகாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு நாள் வீணாகப் போகிறது, அந்த ஒரு நாள் இவனிடம் இருக்கிறதா என்று தெரியாது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் அவன் இன்னும் மோசம். கூப்பிட்டால் முனகல்கூட இல்லை. வீராயி கட்டிலோரமாக உட்கார்ந்து, அவன் நெஞ்சில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மை முத்துக்குச் சந்தனம் தடவும் பக்குவத்தில் விரல் ஓடியது.

"டிரஸ்ஸரே, இங்க வா" என்றாள். குரலில் நேற்றைய அதட்டல் இல்லை. "அம்மை முத்து ஏன் இன்னும் நீர் கோக்கல? லயத்துல மூணு புள்ளைங்களுக்கு அம்மை பாத்து தண்ணி ஊத்தியிருக்கேன். முத்துன்னா வெரலுக்குத் தட்டுப்படும். இது தோலுக்கு அடியில கறை மாதிரி கெடக்கு."

அவளுக்கே தெரிந்துவிட்டதை நான் வேறு சொல்ல வேண்டுமா?

"நேத்து கையில போட்டீங்களே, அந்த மருந்து எங்க போச்சு?"

அப்போது பண்டமாரான் காமாலைக்காரரின் கதையைச் சொன்னேன். ஆள் முழுக்க மஞ்சளாக இருந்தும் முதுகுத் தண்ணீர் மட்டும் தெளிவாக இருந்ததையும், வாசலில் நிற்கும் ஜாகாவையும் சொன்னேன். அவள் கண் கொட்டாமல் கேட்டாள்.

"அப்ப நேத்து மருந்து வாசல்லயே நின்னுடுச்சு."

"ஆமாக்கா."

"முதுகு பின்வாசலு."

"ஆமா."

வேப்பிலையை எடுத்துத் தலைமாட்டில் வைத்தாள். எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "குத்துங்க. ஆனா வேத்து ஆளு அவன் தலையத் தொடக்கூடாது. நான் பிடிக்கிறேன். நான் தூக்கி வளத்த உடம்பு."

உறவுக்காரர்களை அறைக்குள் விடுவதே இல்லை. மயங்கி விழுவார்கள், இல்லாவிட்டால் டாக்டரின் கையைப் பிடித்து இழுப்பார்கள். நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் அவளுடைய கையைப் பார்த்தார். ரப்பர் பால் ஊறிக் கறுத்த, கத்தி பிடித்துக் காய்த்த கை.

"கார்பாலிக் சோப்பு குடும்" என்றார்.

நான் காலையும் இடுப்பையும் மடக்கினேன். அவள் அவன் பின்னங்கழுத்தில் கை கோத்து, தன் நெற்றியை அவன் நெற்றியோடு வைத்து, மெல்ல மெல்ல வளைத்தாள். டாக்டர், "மாரிமுத்து!" என்று கூப்பிட்டுவிட்டு ஊசியை விட்டார். அவன் ஒரு துள்ளுத் துள்ளினான். என் பிடி நழுவியது என்றே நினைத்தேன். அவள் பிடி அசையவில்லை.

"ஆடாதடா. சின்னதுல எண்ணெ வெக்கிறப்பவும் இப்படித்தான் துள்ளுவ. ஆடாத. அக்கா இருக்கேன்ல. இதோ முடிஞ்சுது. இதோ."

நீர் சொட்டியது. அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி வந்தது. டாக்டர் அவளுக்குக் குழாயைக் காட்டினார். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி நெற்றியை வைத்துக்கொண்டாள். சீரம் புனலிலிருந்து இறங்கிய இறக்கம் இருக்கிறதே, அவ்வளவு மெதுவாக எதுவும் இறங்கி நான் பார்த்ததில்லை. ஊசியை எடுத்து, கால்மாட்டில் செங்கல் வைத்த பிறகுதான் அவள் நெற்றியை எடுத்தாள்.

தினமும் அதே வேலை. அவளே கை கழுவிக்கொண்டு வந்து நிற்பாள். தண்ணீர் நாளுக்கு நாள் தெளிந்தது. ஆனாலும் அவன் கண் திறக்கவில்லை. தெளிவு குழாயில் மட்டும் தெரிந்தால் போதுமா என்று நான் உள்ளுக்குள் புழுங்கினேன்.

ஒரு காலையில் வழக்கம்போல் சுருட்டினோம். வீராயி கழுத்தில் கை கோத்து வளைத்தாள். டாக்டர் ஊசியோடு குனிந்தார்.

"அக்கா... கழுத்த விடுக்கா. வலிக்குது."

கரகரத்த குரல். வீராயி நெருப்பைத் தொட்டவள்போல் கையை எடுத்தாள். நானும் விட்டுவிட்டேன். ஊசி அந்தரத்தில் நின்றது. விட்ட பிறகுதான் பார்த்தோம், அவன் தாடை நெஞ்சிலேயே இருந்தது. யாரும் அழுத்தாமல் இருந்தது. கழுத்து இளகிவிட்டது.

தம்பையா டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்தார். "இண்டைக்கு ஊசி வேண்டாம்" என்றார். வேகமாக வராந்தாவுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெகுநேரம் மூக்கைச் சிந்தினார். நான் சிந்தவில்லை. அங்கேயே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிழைத்துவிட்டான் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லப் பயமாக இருந்தது. ஆனால் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு போனது எனக்குத் தெரிந்தது.

கதை அதோடு முடியவில்லை. சில நாள் கழித்து அவன் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகத் தடித்து, அரிப்புப் பிடுங்கியது. குதிரைச் சீரம் பலருக்குச் செய்யும் வேலைதான் அது. வீராயி வார்டே அதிர ஓடி வந்தாள்.

"பாத்தியா டிரஸ்ஸரே! நான் சொன்னேன்ல? இப்பத்தான் ஆத்தா வெளிய வந்திருக்கா!"

நான் விளக்க வாயைத் திறந்தேன். தம்பையா டாக்டர் முந்திக்கொண்டார். "ஓம் அம்மா, வந்திட்டா. வேப்பிலையாலை மெல்லத் தடவிவிடு. சுகமாயிருக்கும்."

அவள் போன பிறகு, "சார், இது சீரத்தோட அரிப்புத்தானே?" என்றேன்.

"உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவ தன்ரை பிடியை விடாமல் பிடிச்சவ. இதையும் பிடிச்சிருக்கட்டும்."

மாரிமுத்துவுக்கு ஒரு காது கேட்காமல் போனது. கல்யாணத்துக்குப் பிறகு, "பொண்டாட்டி பேசுற பக்கம் அந்தக் காத வச்சுக்கடா" என்று வீராயியே அவனைக் கேலி செய்ததாகக் கேள்வி. அவள் லயத்தில் போய் என்ன சொன்னாளோ, அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் யாருக்காவது கழுத்து விறைத்தால் அவர்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாரும் பிழைக்கவில்லை. நான் பிடித்தும் போனவர்கள் பலர். ஒவ்வொருவரையும் வலிக்க வலிக்க மடக்கினேன் என்பது ஓய்வு பெற்ற பிறகும் என்னை விடவில்லை. பிழைக்காத ஆளை அந்தக் கடைசி நாட்களில் சும்மா படுக்கவாவது விட்டிருக்கலாமே என்று தோன்றும்.

தம்பையா டாக்டர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். ஜாகாவே சலாம் போட்டு உள்ளே விடுகிற மருந்து வந்துவிட்டது என்று அவரிடம் சொன்னால் என்ன செய்வார்? மூக்கைச் சிந்துவார் என்றுதான் நினைக்கிறேன்.

ராஜம்மாளுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்தபோது பொன்னுசாமியின் காப்பி காலியாகியிருந்தது. அவள் காலி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"அப்ப இவர யாருமே பிடிக்கலியா அண்ணே?"

"பிடிக்கலம்மா. பிடிக்க வேண்டிய அவசியமே வரல. அதுக்கு ஆத்தாளுக்கு ஒரு தேங்காய் உடைச்சிட்டு வா."

"வேதக்காரர் நீங்க சொல்றீங்களா?"

"நான் சொல்றேன்."

பொன்னுசாமி வாசலுக்குப் போனார். செருப்பு வார் பின்பக்கம் மடங்கியிருந்தது. சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, முதுகை வளைத்து, கழுத்தைத் தாழ்த்தி, வாரை இழுத்துவிடக் குனிந்தார். தானாகவே குனிந்தார்.